கருப்பை வாயும் ஒரு சுருக்குப் பையும்

உங்கள் நர்சு படிப்புக்கான பாடப் புத்தகத்தில் கருப்பை வாயின் படம் போட்டிருப்பதை என் மூத்த மகள் காட்டினாள். நிறைமாதத்தில் அதன் கழுத்து எப்படி இளகும், எப்படிக் குறுகும், வாய் எப்போது திறக்கும் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். நல்ல படங்கள். ஆனால் ஒரு வீட்டு வாசலில் பத்துப்பேர் நின்று "இன்னும் என்ன பாத்துக்கிட்டு இருக்கீக" என்று கேட்கும்போது அந்தப் படங்கள் கண்முன் வராது. பயம்தான் வரும். அந்தப் பயத்தைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மதுரையில் பெண்களுக்கான ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து கலக்குவேன். கிராமங்களுக்கு நர்சு போனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போவேன். பிரசவ அறைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆகவே கையால் செய்யும் வேலையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, அதை உங்கள் ஆசிரியைகள் சொல்லித் தருவார்கள். கையை அடக்கிக்கொண்டு நிற்பதைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும். என் இரண்டு பெண்களும் நர்சு வேலைக்குப் படிக்க வந்திருப்பதால் இதை எழுதுகிறேன். அவர்களோடு படிக்கும் பிள்ளைகளும் வாசிக்கலாம்.

முதலில் திருவாதவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாட்டு வண்டியைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

நல்ல மத்தியான வெயில். வண்டியில் ஒரு பெண்ணைப் படுக்க வைத்து மேலே வேட்டியை நிழலுக்குக் கட்டியிருந்தார்கள். புருஷன் வண்டியோடு நடந்தே வந்திருந்தான். காலெல்லாம் புழுதி. ஆனால் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது.

"வலி நின்னுருச்சுங்க. வழியிலயே நின்னுருச்சு. அம்புட்டு நேரம் கத்துனவ இப்பச் சும்மா கிடக்கா. நல்லதுதானே?" என்று என்னிடம் கேட்டான்.

எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் உள்ளேயிருந்து எங்கள் டாக்டரம்மா ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

ஊரில் ஊசி போடத் தெரிந்த யாரோ ஒருவர் வலி ஊசி போட்டிருக்கிறார். அந்த மருந்து கருப்பையை இறுக்கித் தள்ள வைக்கும். அது தள்ளியது. வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்து அத்தனை பலமும் சேர்ந்து தள்ள, போக வழியில்லாமல் கருப்பையே கிழிந்துவிட்டது. கிழிந்த பிறகு அதனால் இறுக முடியாது. அதனால்தான் வலி நின்றது. தாயும் போனாள், பிள்ளையும் போனது. அந்த மனிதன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "வலி நின்னுருச்சுல்ல, பெறகு எப்படிங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து அந்த மருந்துக் குப்பியை இரண்டு கையாலும்தான் எடுப்பேன். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும், மெல்லிய கண்ணாடி. ஆனால் அதை வாங்காமல் இருக்கவும் முடியாது. ஏனென்றால் பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் நிற்காமல் போனால், கருப்பையை இறுக்கி உயிரைக் காப்பாற்றுவதும் அதே மருந்துதான். பிறப்பதற்கு முன்னால் எமன், பிறந்த பின்னால் காவல்.

எப்போது முன், எப்போது பின் என்பதை எனக்கு விளக்கியவர் என்னோடு கிராமங்களுக்கு வந்த நர்சு. என்னைவிட வயதில் சின்னவர். என்னை அண்ணே என்பார். நான் சிஸ்டர் என்பேன். ஒருநாள் காளவாசல் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தபோது, "சிஸ்டர், வாய் தொறக்கலன்னு உள்ள எப்படித் தெரியுது?" என்று கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

"மூக்கு நுனியத் தொட்டுப் பாருங்கண்ணே. எப்படி இருக்கு?"

"கெட்டியா இருக்கு."

"உதட்டத் தொடுங்க."

"மெதுவா இருக்கு."

"மாசம் ஏற ஏற மூக்கு நுனி மாதிரி இருந்தது உதடு மாதிரி ஆகும். பெறகு கழுத்து குறுகிக் குறுகி, காகிதம் கணக்காத் தேஞ்சு போகும். இதெல்லாம் வலி வாரதுக்கு முன்னாலயே, சிலருக்கு ரெண்டு மூணு வாரமா, ஒரு சத்தமும் இல்லாம நடக்கும். அது நடக்குறப்ப இடுப்பு வலிக்கும், அடிவயிறு இறுகும், சளி மாதிரி படும். வீட்டுல உள்ளவுக பிரசவ வலின்னு நெனச்சுருவாக. அது வலி இல்லண்ணே. வலிக்கு உடம்பு தயாராகுறது."

வண்டிக்காரர் இதைக் கேட்டுவிட்டுத் தன் மூக்கையும் உதட்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார். சிஸ்டர் சிரித்துவிட்டு, "உங்களுக்கு மீசை மறைக்குது" என்றார்.

இனி அலங்காநல்லூர்ப் பக்கத்து வீட்டுக்கு வருகிறேன்.

தை மாதம் முடியப்போகிற சமயம். ஒரு விவசாயக் குடும்பம். பேச்சி என்று பெயர் அந்தப் பெண்ணுக்கு. தலைப்பிரசவம். தலைப்பிரசவம் என்றால் தாய் வீட்டில்தான் நடக்கும். ஆனால் அவளுக்குத் தாய் இல்லை. மாமியார் வெள்ளையம்மாள் அவளுடைய அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர். தாய் இறந்த பிறகு பேச்சியைச் சிறு வயதிலிருந்து வளர்த்து, பிறகு தன் இளைய மகனுக்கே கட்டிவைத்தவர். அந்த மகன் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தான். அத்தை, மாமியார், தாய் எல்லாம் அவர் ஒருவரே.

நாங்கள் காலையில் போய் இறங்கியபோது அந்த வீட்டைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. திருடன் புகுந்த வீடு மாதிரி இருந்தது. பெட்டிகள் எல்லாம் மூடி திறந்து கிடந்தன. நெல் கொட்டிவைக்கும் குலுக்கையின் மூடியைக் கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தார்கள். அடுக்குப் பானைகளை இறக்கித் தனித்தனியாக வைத்திருந்தார்கள். பெண்கள் எல்லோரும் தலையை விரித்துவிட்டிருந்தார்கள். தொழுவில் ஒரு மாடும் கட்டியிருக்கவில்லை. கயிறுகள் மட்டும் முளையில் தொங்கின.

அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். வீட்டில் ஒருத்திக்கு வலி கண்டால் எந்த முடிச்சும் இருக்கக் கூடாது, எந்தப் பூட்டும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் திறந்துவிட்டால் அவளும் திறப்பாள். நீங்கள் சிரிக்க வேண்டாம். அன்று நானும் சிரிக்கவில்லை. வாடிவாசலில் ஒருவரையும் அண்ட விடாத காளையைக்கூட அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அதை அவிழ்த்தவர் மூத்த மகன் சோணைமுத்து. எத்தனை பயம் இருந்தால் ஒரு மனிதன் அந்தக் காளையை அவிழ்ப்பான்.

சிஸ்டர் கையைக் கழுவி உறை மாட்டி உள்ளே போனார். நான் முற்றத்தில் மருந்துப் பெட்டியோடு நின்றேன். சோணைமுத்து என் பக்கத்தில் வந்து நின்றார். பட்டாளத்தில் காயத்துக்குக் கட்டுப் போடும் வேலை பார்த்தவர். ஊசி போடவும் பழகியிருந்தார். அவரிடம் சொந்தமாக ஊசி ஒன்றும் இருந்தது. காய்ச்சல் என்றால் ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

சிஸ்டர் வெளியே வந்து வெள்ளையம்மாளிடம் சொன்னார்: "பிள்ளை நல்லா இருக்கு. தலை கீழே இருக்கு. இன்னும் வலி ஆரம்பிக்கல ஆத்தா."

"ஆரம்பிக்கலயா? முந்தாநாளுல இருந்து துடிக்கிறா. காலையில நுங்குத் தண்ணி கணக்காச் சளி பட்டிருக்கு, ரத்தக் கோடு வேற."

"கருப்பை வாயை அடைச்சிருந்த சளி அது. வாய் இளக ஆரம்பிச்சா அது விழும். நல்ல அடையாளந்தான். கழுத்து பாதி தேஞ்சிருக்கு. வாய் ஒரு விரல் நுனி போற அளவுதான். அவளை முக்கச் சொன்னது யாரு?"

பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்லித்தான் அவள் விடியற்காலையிலிருந்து முக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சிஸ்டர் கோபப்படவில்லை. வெள்ளையம்மாள் இடுப்பில் தொங்கிய சுருக்குப் பையைப் பார்த்தார். அதன் கயிற்றையும் தளர்த்தி வாயைத் திறந்துவிட்டிருந்தார் அந்த அம்மாள். வெற்றிலைக் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அதைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிக் கயிற்றை இழுத்துச் சுருக்கினார். "இப்ப இதுக்குக் கழுத்து இருக்கா?"

"இருக்கு."

"கயித்த மெல்ல மெல்ல விட்டா முதல்ல என்ன ஆகும்? இந்தச் சுருக்கம் விடும். கழுத்துன்னு ஒண்ணு இல்லாமப் போகும். அதுக்குப் பெறகுதான் வாய் அகலும். கயிறு இறுகி இருக்கும்போதே உள்ள ஒரு தேங்காயை வச்சுத் தள்ளுனா?"

வெள்ளையம்மாள் பையின் அடித்தையலைத் தடவிப் பார்த்தார். "தையல் விட்டுப்போகும்" என்றார்.

"அதான். சீரகத் தண்ணி குடுங்க. கஞ்சி குடுங்க. தூங்கவிடுங்க. முக்கவிடாதீங்க. கயிறு அதாவே விடும்."

வெள்ளையம்மாள் தலையாட்டிப் பையை வாங்கினார். வாங்கிய கையோடு சுருக்கை மறுபடி தளர்த்தித் திறந்துவிட்டார். "அது சரி தாயி. இருந்தாலும் இந்த வீட்டுல இப்ப முடிச்சு ஆகாது."

அந்த நேரத்தில் பக்கத்துப் பட்டியிலிருந்து ஓர் ஆள் ஓடி வந்தான். அங்கே ஒருத்திக்குப் பிள்ளை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி விழவில்லை, இரத்தம் போகிறது என்றான். சிஸ்டர் என்னைப் பார்த்தார். போகாமல் இருக்க முடியாது. வண்டியில் ஏறப் போனபோது சோணைமுத்து மாட்டின் முன்னால் வந்து நின்றார்.

"நீங்க போயிட்டா திரும்பி வரமாட்டீக. பெட்டிய வச்சிட்டுப் போங்க. கம்பவுண்டரையும் வச்சிட்டுப் போங்க."

"அவரு எதுக்கு? அவருக்குப் பிரசவம் பாக்கத் தெரியாது."

"தெரிய வேண்டாம். இங்க இருக்கட்டும்."

வாதாட நேரமில்லை. சிஸ்டர் பெட்டியைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டார். வலி ஊசிக் குப்பிகளில் ஒன்றை மட்டும் உள்ளே விட்டுப் பூட்டினார். "நான் திரும்பி வந்து இவளுக்குப் பிள்ளை பெறந்த பெறகு இது வேணும்ணே. அதுவரைக்கும் இது வெளிய வரக் கூடாது. வலி விடாம ஒரே இறுக்கமா இருந்தாலோ, ரத்தம் அதிகமாப் போனாலோ, பனிக்குடத் தண்ணி பச்சையா வந்தாலோ, எனக்குக் காத்திருக்காம வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க" என்று என் காதருகே சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிள்ளைகளே, ஒரு மருந்தைக் கொடுக்கத் தைரியம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கொடுக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். உள்ளே அவள் முனகும்போதெல்லாம் எழுந்து கதவருகே போவேன். கதவுக்கு வெளியேயிருந்து, "ஆத்தா, வலி விட்டு விட்டு வருதா, விடாம இருக்கா?" என்று கேட்பேன். "விட்டு விட்டுத்தான்" என்று வெள்ளையம்மாள் குரல் வரும். "ரெண்டுக்கும் நடுவுல வயிறு இளகுதா?" "இளகுது." அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். சிஸ்டர் தப்பாகப் பார்த்திருந்தால்? அவர் போன பிறகு உண்மை வலி வந்திருந்தால்? ஜெபம் பண்ணப் பார்த்தேன், பாதி ஜெபத்திலேயே காது அந்தக் கதவுக்குப் போய்விடும்.

ஒருமுறை வெள்ளையம்மாள் தண்ணீர் எடுக்க வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்து, "பெரியவன் ஊசி போடணும்னு நிக்கிறான். அந்த மருந்தப் போட்டா பை கணக்கா உள்ளபடிக்கே கிழிஞ்சிருமா கம்பவுண்டரே, இல்ல அந்த நர்சுப் புள்ள எங்களை மெரட்டிட்டுப் போறாளா?" என்று கேட்டார். நான் திருவாதவூர் வண்டியைச் சொன்னேன். வலி நின்றதைச் சொன்னேன். அந்தப் புருஷன் கேட்டதைச் சொன்னேன். அவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு உள்ளே போனார்.

பொழுது மேற்கே சாய்ந்தபோது சோணைமுத்து நாலைந்து ஆட்களோடு வந்தார்.

"கம்பவுண்டரே, இந்த வீட்டுல எல்லாத்தையும் தொறந்தாச்சு. பூட்டுன பெட்டி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது உங்களுது."

"சிஸ்டர் வரட்டும்ணே."

"அவுக எப்ப வாரது? நேத்துப் பக்கத்து ஊருல ஊசி போட்டு உடனே பெறந்திருக்கு. என்கிட்ட ஊசி இருக்கு, போடத் தெரியும். மருந்து உங்ககிட்ட இருக்கு. பெறகு என்ன?"

"நேரம் வரலண்ணே. இப்பப் போட்டா ரெண்டு உசுருக்கும் ஆபத்து."

அவர் என் சட்டையைப் பிடித்தார். "நேரம் வரட்டும், நேரம் வரட்டும்னு சொல்லித்தான் என் பொண்டாட்டியக் காத்திருக்க வச்சாக. வண்டி வருது வருதுன்னாக. வண்டி வந்துச்சு, அவ இல்ல. நான் இன்னொருக்கக் காத்திருக்க மாட்டேன். சாவியக் குடு."

அவரும் நானும் ஒரே பயத்தில்தான் நின்றோம். அவர் பார்த்தது காத்திருந்து செத்தவளை. நான் பார்த்தது காத்திருக்காமல் செத்தவளை.

அப்போது கதவு திறந்தது. வெள்ளையம்மாள் வந்து நின்றார். விரித்த தலைமுடி முகத்தில் விழுந்திருந்தது.

"எதுக்கு அவரு சட்டையப் பிடிக்கிற? சாவிய என்கிட்டக் குடுங்க கம்பவுண்டரே. பொம்பளை தொறக்கணும். நான் உள்ள கொண்டுபோயி அவ கண்ணு முன்னால தொறக்கேன்."

என்னால் மறுக்க முடியவில்லை. வீட்டுக்குப் பெரியவர் கேட்கிறார். சுற்றிலும் ஆட்கள். சாவியைக் கொடுத்தேன். கொடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் மூடி திறந்த பெட்டியோடு திரும்பி வந்து முற்றத்தின் நடுவில் வைத்தார்.

"தொறந்தாச்சு. போதுமா?"

சோணைமுத்து குனிந்து பெட்டியைக் கிளறினார். பஞ்சு, துணி, அயோடின் பாட்டில். குப்பி இல்லை.

"மருந்து எங்க?"

"நர்சு கொண்டுபோயிருப்பா."

"பொய். ஒண்ணு உள்ள வச்சுப் பூட்டுனத நான் பாத்தேன்." என் பக்கம் திரும்பினார். "எங்கய்யா ஒளிச்ச?"

என் சட்டைப் பையைத் துழாவினார்கள். வேட்டி மடிப்பை உதறச் சொன்னார்கள். உதறினேன். என்னிடம் இல்லை என்பதில் அவர்களைவிட எனக்குத்தான் பெரிய பயம். குப்பி எங்கே போயிற்று? உடைந்ததா? மருந்துதானே என்று அந்தப் பெண்ணுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டார்களா? நாளைக்கு இரத்தம் போனால் எதை வைத்து நிறுத்துவது? வெள்ளையம்மாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவருடைய சுருக்குப் பை இடுப்பில் இறுகச் சுருக்கி முடிச்சுப் போட்டிருந்தது. கண்ணில் பட்டது, மனதில் உறைக்கவில்லை.

எங்களைக் காப்பாற்றியது அந்தக் காளைதான். தெருவில் ஒரே கூச்சல். அவிழ்த்துவிட்ட காளை யாருடைய கரும்புத் தோட்டத்திலோ புகுந்துவிட்டது, பிடிக்கப் போனவனைக் கிணற்று மேட்டுக்கு விரட்டிவிட்டது என்று ஒருவன் வந்து சொன்னான். "மாப்ள, நீ வந்தாத்தான் அடங்கும்" என்று சோணைமுத்துவின் கையைப் பிடித்து இழுத்தான்.

வெள்ளையம்மாள் வாசற்படியிலிருந்து சொன்னார்: "போடா. ஊசி போட அவசரப்பட்ட ஆளு, முதல்ல ஒன் மாட்டுக்குப் போயிப் போடு."

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். சோணைமுத்து சிரிக்கவில்லை. ஆனால் போனார். வீட்டில் கட்டக் கூடாது என்பதற்காகக் காளையைப் பிடித்து ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தில் கட்டிவிட்டு, அவரும் அதோடு அங்கேயே இருந்துவிட்டார்.

பொழுது இறங்கியபின் முனகல் குறைந்தது. சீரகத் தண்ணீர் வேலை செய்ததோ, களைப்போ, பேச்சி தூங்கிவிட்டாள் என்று சொன்னார்கள். எனக்கு அந்த அமைதி நல்லதாகப் படவில்லை. வலி நின்றுவிட்டது என்றால் எனக்கு ஒரு வண்டிதான் ஞாபகம் வரும். கதவருகே போய், "ஆத்தா, மூச்சு சீரா இருக்கா? பிள்ளை துள்ளுதா?" என்றேன். "துள்ளுது. தூங்கவிடுங்கய்யா" என்றார். துள்ளுகிறது என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோழி கூவும் நேரத்தில் உண்மையான வலி வந்தது. வெளியே இருந்த எனக்கே வித்தியாசம் தெரிந்தது. முந்தின நாள் முனகல் அங்குமிங்கும் அலைந்தது. இது அலைபோல வந்தது, ஏறியது, இறங்கியது, மறுபடி வந்தது. வர வர நெருங்கியது.

வெயில் முற்றத்தில் இறங்கிய பிறகுதான் சிஸ்டர் வந்து சேர்ந்தார். கண் சிவந்திருந்தது. அங்கே அந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிட்டார், ஆனால் கையிலிருந்த மருந்தெல்லாம் தீர்ந்துவிட்டது. நான் வண்டியருகே ஓடி, "சிஸ்டர், பெட்டியில இருந்த குப்பி இல்ல" என்றேன்.

அவர் முகம் ஒரு நொடி வெளுத்தது. "யாராச்சும் போட்டாங்களா?"

"தெரியல. இல்லன்னுதான் நெனைக்கேன்."

அதற்கு மேல் நிற்கவில்லை. உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது: "கழுத்தே இல்ல ஆத்தா. வாய் முழுசாத் தொறந்திருச்சு. பேச்சி, இப்ப முக்கு. இப்பத்தான் முக்கணும்." முந்தின நாள் கூடாது என்றதையே இன்று செய்யச் சொன்னார். அதே பெண், அதே பாயில். நடுவில் மாறியது அந்த வாய் ஒன்றுதான்.

பிள்ளை அழுதது. ஆண் பிள்ளை. முற்றத்தில் இருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். நான் விடவில்லை. உள்ளே சிஸ்டரின் பேச்சு நின்றுவிட்டது. பிறகு, "துணி குடுங்க. இன்னும் துணி. வயித்த அமுக்கிப் பிடிங்க, விடாதீங்க" என்று வந்தது. பிறகு என்னை நோக்கி, "அண்ணே, ரத்தம் நிக்கல. அந்தக் குப்பி…" என்றார். முடிக்கவில்லை. இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

நான் காலிப் பெட்டியின் முன்னால் மண்டியிட்டுப் பஞ்சையெல்லாம் எடுத்து வெளியே போட்டேன். இல்லாத ஒன்றை எத்தனை தடவை தேடினாலும் அது இல்லைதானே. ஆனாலும் கை தேடிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் உள்ளே வெள்ளையம்மாள் குரல் கேட்டது. "தாயி, இந்தா, என் பையில இருக்கு. கை வழுக்குது, முடிச்சு அவுறல. பல்லால கடிக்கேன், பொறு."

பிறகு குப்பியின் கண்ணாடிக் கழுத்தை உடைக்கும் சின்னச் சத்தம்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. சிஸ்டர் வாசலுக்கு வந்து நிலையில் சாய்ந்து நின்றார். "கருப்பை இறுகிருச்சுண்ணே. கல்லு மாதிரி ஆயிருச்சு. ரத்தம் நின்னுருச்சு" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். நான் அழுதேனா என்பதை எழுத வேண்டியதில்லை.

சோணைமுத்து காளையோடு வந்தார். அம்மாவின் இடுப்பில் அவிழ்ந்து தொங்கிய பையையும் உடைந்த குப்பியையும் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. என்னிடம் வந்து, முந்தின நாள் பிடித்துக் கசக்கிய என் சட்டையின் மார்பைக் கையால் நீவிவிட்டார். பிறகு மாடுகளைக் கட்டப் போனார்.

கிளம்பும் முன் வெள்ளையம்மாளிடம் கேட்டேன். "ஏன் ஆத்தா என்கிட்டக்கூடச் சொல்லல?"

"ஒங்க மூஞ்சியில எல்லாம் எழுதி இருக்கு கம்பவுண்டரே. சொல்லியிருந்தா அவன் ஒங்களைப் பாத்தே கண்டுபிடிச்சிருப்பான்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் நான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன். வெளியே கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

"முடிச்சு இருந்தா அவ தொறக்க மாட்டான்னு நம்புற சாதி நாங்க. நான் இப்பவும் நம்புறேன். அவுத்துவிட்டா குப்பி கீழ விழுகும், அவன் கண்ணுல படும். கட்டிவச்சா அவளுக்கு வாய் தொறக்காது. விடிய விடிய இந்த முடிச்சு மேல கைய வச்சுக்கிட்டே இருந்தேன். நான் வளத்த பிள்ளைய நானே கட்டிப்போட்டுக் கொல்லுறேனோன்னு. வலி வாரப்பவெல்லாம் அவுத்துருவமான்னு கை போகும். அந்தத் தேங்காய் நெனப்பு வரும். கைய எடுத்துருவேன்."

பிள்ளைகளே, நீங்கள் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, "இன்னும் வாய் திறக்கவில்லை, பொறுத்திருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவீர்கள். போக வேண்டியதுதான், வேலை அப்படி. ஆனால் பொறுத்திருப்பது நீங்கள் அல்ல. அந்த வீட்டில் ஒருத்தி பொறுத்திருப்பாள். ஏன் பொறுக்க வேண்டும் என்பதை அவள் கையில் இருக்கிற பொருளை வைத்தே விளங்கச் சொல்லிவிட்டுப் போங்கள். அன்று சிஸ்டர் ஒரு பையை வாங்கிச் சுருக்கிக் காட்ட எடுத்துக்கொண்டது வெற்றிலை மடிக்கும் நேரம்கூட இல்லை. அதைச் சொல்லாமல் போயிருந்தால், முதல் வலியிலேயே அந்த முடிச்சை வெள்ளையம்மாள் அவிழ்த்திருப்பார்.

வண்டி தெருமுனை திரும்பும்போது பின்னால் பார்த்தேன். அந்த அம்மாள் வாசலில் நின்று, விரித்த தலைமுடியை இரண்டு கையாலும் அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தார்.